குப்பைக்கு வந்த கொடிகள்

போன மாதம்தான் வேலையில் சேர்ந்த உங்களில் சிலர் என்னிடம் வந்து, முப்பது வருடம் நகர சுகாதாரப் பிரிவில் இருந்தவர், எங்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். கொசு மருந்து, ஹோட்டல் சோதனை, அடைத்துக்கொண்ட ஓடை இவற்றையெல்லாம் பயிற்சியில் என்னைவிட நன்றாகவே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதனால் பயிற்சியில் வராத ஒன்றை எழுதுகிறேன். இதில் தவறு செய்தவன் நான். சரியாகச் செய்தவர் எங்கள் ஷெட்டில் குப்பை தரம்பிரித்த ஒரு பெண்.

அவரை மலையாளிகள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தவர். கணவர் ஆரியசாலை மொத்தக் கடைகளில் மூட்டை இறக்குகிறவர். அக்கா காலையில் ஸ்ரீவராகம் தெருக்களில் வீடு வீடாகப் போய் பிளாஸ்டிக், பேப்பர், பாட்டில் எல்லாம் வாங்கிக்கொண்டு ஷெட்டுக்கு வருவார். மத்தியானத்துக்கு மேல் மற்ற பெண்களோடு உட்கார்ந்து அவற்றைப் பிரிப்பார். அந்த வட்டத்துக்கு ஹெல்த் இன்ஸ்பெக்டர் நான். ஓய்வு பெற நாலு மாதம் இருந்தது.

வீட்டுக்கு வீடு கொடி ஏற்றச் சொல்லி அரசாங்கம் கேட்டிருந்த ஆகஸ்ட் அது. எனக்கு அந்தக் காட்சி ரொம்பப் பிடித்திருந்தது. ஆரியசாலையில் மிளகாய் வற்றல் கடைக்கு மேல் ஒரு கொடி, எதிரே பாத்திரக் கடைக்கு மேல் ஒரு கொடி. ஸ்ரீவராகத்தில் ஒரு வீடு விடாமல் கொடி. ஸ்கூட்டரில் போகும்போது காற்றில் எல்லாம் ஒரே பக்கமாகப் பறப்பதைப் பார்த்து இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தி நின்றிருக்கிறேன்.

ஏற்றுவதற்கு எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள். இறக்கியபின் என்ன செய்வது என்று வீட்டுக்காரர்களுக்கும் யாரும் சொல்லவில்லை, எங்களுக்கும் சொல்லவில்லை. பதினைந்தாம் தேதி முடிந்து இரண்டு நாள் மழை பெய்தது. மூன்றாம் நாள் குப்பைப் பைகளில் கொடி வர ஆரம்பித்தது.

அன்றைக்கு நான் ஷெட்டில் நின்றுகொண்டிருந்தேன். சாலைச் சந்தைப் பக்கம் ஓடை அடைத்துக்கொண்டு தண்ணீர் கடைக்குள் ஏறிவிட்டது என்று ஒரு வியாபாரி போனில் கத்திக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் வந்து கொஞ்ச நேரம் காத்து நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“சாரே, கொடியெல்லாம் குப்பையில வருது. இதை என்ன செய்யணும்?”

போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே, “பாத்துச் செய்யுங்க அக்கா” என்றேன்.

இந்தச் சொல்லை நம் ஆபீஸ்களில் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறோம். கேட்கிறவருக்குப் பதில் கிடைத்த மாதிரி இருக்கும். சொல்கிறவருக்கோ எந்தப் பொறுப்பும் வராது. நல்லபடி முடிந்தால் நான் சொல்லித்தான் செய்தார், கெட்டால் அவராகச் செய்தார். நான் இவ்வளவெல்லாம் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது, சொன்னேன். அடுத்த நிமிடம் மறந்தும் போய்விட்டேன்.

அக்கா உண்மையிலேயே பார்த்துத்தான் செய்தார். வழக்கப்படி பார்த்தால் கம்பு பிளாஸ்டிக் குவியலுக்கு, துணி துணிக் குவியலுக்கு. ஒரே இழுப்பில் கிழித்தால் வேலை முடிந்தது. அக்கா அதற்கு விடவில்லை. பைகளைத் திறக்கும்போதே கொடியைத் தனியாக எடுத்து வைக்கும்படி மற்ற பெண்களிடம் சொல்லியிருக்கிறார். கம்பிலிருந்து துணியைக் கிழியாமல் உருவினார். பால் கவர் நாற்றமும் சேறும் ஒட்டியிருந்தவற்றைத் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பக்கெட்டில் சோப்புத் தண்ணீரில் அலசினார். குப்பை கழுவும் பக்கெட்டை அதற்குத் தொடவில்லை. காய்ந்த பிறகு ஒவ்வொன்றாக மடித்து, ஆப்பிள் வந்த அட்டைப்பெட்டி ஒன்றில், அடியில் தன் பழைய சேலையைத் துவைத்து விரித்து, அடுக்கி வைத்தார். தரம்பிரிக்கும் வேலை எதையும் குறைக்காமல், சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறார். தினமும் ஷெட்டுக்கு வந்துபோன எனக்கு இது கண்ணிலேயே படவில்லை.

ஒரு வாரம் கழித்து நல்ல வெயில் அடித்தது. மிச்சமிருந்த கொடிகளையும் துவைத்து, ஷெட்டுக்குப் பின்னால் புதுக் கயிறு கட்டிக் காயப்போட்டார். அந்தப் பக்கத்து மதில் இடுப்பு உயரம்தான். மதிலுக்கு வெளியே ரோடு. கொடிகள் வரிசையாகத் தொங்கின. இரண்டு மூன்றில் பச்சை மேலேயும் காவி கீழேயும் இருந்தது. காற்றில் ஒன்று கிளிப்பை விட்டு ஈர மண்ணில் விழுந்து கிடந்தது. பின்னணியில் குப்பை மூட்டைகள். ரோட்டில் போன யாரோ ஒருவர் இதைப் போனில் படம் பிடித்தார்.

அரை நிமிட வீடியோ. தேசியக் கொடியைக் குப்பைக் கிடங்கில் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள், ஒன்றை மண்ணில் போட்டிருக்கிறார்கள் என்று மலையாளத்தில் எழுதியிருந்தது. மத்தியானத்துக்குள் என் போனுக்கே ஆறு பேர் அனுப்பிவிட்டார்கள். அதைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வரும். எனக்கும் முதலில் கோபம்தான் வந்தது. பிறகுதான் அது என்னுடைய ஷெட் என்று தெரிந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது கேட்டுக்கு வெளியே நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். அவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. என்னைப் போலவே வீடியோ பார்த்து மனது கொதித்து வந்தவர்கள். இப்படிச் செய்தது யார் என்று சிலர் கேட்டார்கள். கொடியைக் குப்பையில் போட்டது எந்த வீடு, அதையும் சொல்லட்டும் என்று சிலர் கேட்டார்கள். உள்ளே மற்ற பெண்கள் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். அக்கா அழவில்லை. கயிற்றிலிருந்து கொடிகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். மண்ணில் விழுந்ததை முதலிலேயே எடுத்து மறுபடி அலசி வைத்திருந்தார்.

என் மேலதிகாரி போனில் வந்தார். நல்ல மனிதர்தான். அவர் கழுத்தில் அவருடைய மேலதிகாரி உட்கார்ந்திருந்தார். சாயங்காலத்துக்குள் ஆள் பெயரோடு ரிப்போர்ட் வேண்டும் என்றார். யாருடைய அனுமதியும் இல்லாமல் ஒரு தொழிலாளி தன்னிச்சையாகச் செய்தது என்று எழுதினால் எல்லோருக்கும் நல்லது என்றார். எல்லோருக்கும் என்றால் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. நாலு மாதத்தில் பென்ஷன் வாங்கப்போகிறவன் நான். அக்கா தினக்கூலி வேலையில் இருப்பவர். ஒரு வரியில் அவர் வேலை போய்விடும். வேலையோடு நிற்காமல் போலீஸ் கேஸும் ஆகும். கொடியை அவமதித்தால் சிறை வரைக்கும் போகும் சட்டம்.

ஷெட்டுக்குள் ஒரு நாற்காலி இருந்தது. அதில் உட்கார்ந்தேன். உங்களிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை, அந்த வரியை எப்படி எழுதுவது என்று மனதுக்குள் ஒரு தடவை எழுதியும் பார்த்தேன். அனுமதி கொடுக்காததும் உண்மைதான், தன்னிச்சையாகச் செய்ததும் உண்மைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு சொல்கூடப் பொய்யில்லாமல் ஒருத்தரைக் கைவிட முடியும். அதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

அப்போது ஜீப் வந்தது. எஸ்.ஐ. இளம்பெண், மலையாளி. தமிழ் நன்றாகப் புரியும், பேச வராது. கூட்டத்தை கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்து, கொடிகளைக் காயப்போட்டது யார் என்று கேட்டார்.

“நான்தான் மேடம்” என்றார் அக்கா.

யார் சொல்லிச் செய்தீர்கள் என்று எஸ்.ஐ. அடுத்ததாகக் கேட்டார். நான் நாலடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

“யாரும் சொல்லல மேடம். நானாத்தான் செஞ்சேன்.”

அவர் அப்படிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. சாரிடம் கேட்டேன், சார் பார்த்துச் செய்யச் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மை. சொல்லியிருந்தால் பாதிச் சுமை அந்த நிமிடமே என் தலைக்கு வந்திருக்கும். அவர் என்னைக் காப்பாற்ற நினைத்தாரா, அல்லது நான் சொன்னதை ஒரு உத்தரவாகவே கணக்கில் எடுக்கவில்லையா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. எதுவாக இருந்தாலும் எனக்குத் தலை தாழ்ந்துபோனது. மனதில் எழுதிவைத்த வரி அங்கேயே அழிந்தது.

“மேடம், இவங்க என்கிட்ட கேட்டாங்க. ஒரு வாரத்துக்கு முன்னாடியே கேட்டாங்க. பதில் சொல்ல வேண்டியவன் நான். நான் சொல்லல” என்றேன்.

எஸ்.ஐ. என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு அக்காவிடம், இதற்கு முன் துவைத்த கொடிகள் எங்கே என்று கேட்டார். அக்கா அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேலே மூடியிருந்த துணியை எடுத்ததும் எஸ்.ஐ. குனிந்து பார்த்தார். நானும் அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். ஒரே அளவில் மடித்து, ஒன்றின்மேல் ஒன்றாக, எல்லாவற்றிலும் சக்கரம் மேலே தெரியும்படி அடுக்கியிருந்தது.

ஒன்றை எடுத்துப் பிரித்து, மறுபடி மடித்துக் காட்டச் சொன்னார் எஸ்.ஐ. அக்கா பெஞ்சில் ஒரு சாக்கை விரிக்கப் போனவர், வேண்டாமென்று தன் முந்தானையை விரித்தார். கொடியை நீளவாக்கில் வைத்து, காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடக்கினார். இரண்டு ஓரத்தையும் உள்பக்கமாக மடித்தார். நடுவில் சக்கரம் மட்டும் நின்றது, மேலும் கீழும் கொஞ்சம் காவி, கொஞ்சம் பச்சை. போலீஸ் முகாமில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் இப்படித்தான், உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று எஸ்.ஐ. ஆச்சரியப்பட்டுக் கேட்டார்.

“யாரும் இல்ல மேடம். சக்கரம்தானே அதுக்கு முகம். முகத்த மூடி வைக்கலாமா? அதான் இப்படி.”

எஸ்.ஐ. தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார். கூட்டத்திலிருந்து நாலு பேரை மட்டும் உள்ளே வந்து பார்க்கச் சொன்னார். வந்தவர்கள் பெட்டியைப் பார்த்தார்கள், தனியாக இருந்த பக்கெட்டைப் பார்த்தார்கள். அதில் ஒருவர் குனிந்து சேலை விரித்திருப்பதைத் தொட்டுப் பார்த்தார். அந்த நாலு பேர் வெளியே போய் என்ன சொன்னார்களோ, பத்து நிமிடத்தில் கேட்டில் யாரும் இல்லை.

போவதற்கு முன் எஸ்.ஐ. அக்காவை உட்காரவைத்து, தவறான இடங்களையும் ஒளிக்காமல் சொன்னார். எந்தக் காரணத்துக்காகவும் காவி மேலேதான் இருக்க வேண்டும். தரையில் படக்கூடாது. ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் துணி மாதிரி தொங்கவிட்டது தப்பு, ஆனால் அவமதிக்கும் எண்ணம் இருந்தால்தான் குற்றம், இங்கே அது இல்லை என்றார். அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் எஸ்.ஐ., எந்தெந்த வீட்டிலிருந்து வந்தது என்று தெரியுமா என்று சாதாரணமாகக் கேட்டார்.

“தெரியாது மேடம்” என்றார் அக்கா.

தெரியாமல் இருக்க வழியில்லை. பையைத் தூக்கிப் பார்த்தே எந்த வீடு என்று சொல்லக்கூடியவர் அவர். எந்த வீட்டில் புதிதாக மாத்திரை அட்டை வருகிறது, எந்த வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்பது எல்லாம் அக்காவுக்குத் தெரியும். ஆனாலும் நான் அங்கே ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் ரிப்போர்ட் எழுதினேன். தொழிலாளி வழிகாட்டுதல் கேட்டார், இன்ஸ்பெக்டராகிய நான் தரவில்லை, தொழிலாளி தன் அறிவுக்கு எட்டியபடி கொடிகளை மரியாதையோடு பாதுகாத்தார், குறைபாடு என்னுடையது. மேலதிகாரி படித்துவிட்டு, இதை இப்படி எழுதத்தான் வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன். விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது, பதில் கொடுத்தேன், எச்சரிக்கையோடு விட்டார்கள். என் சர்வீஸில் அந்த ஒரு எச்சரிக்கைதான் இருக்கிறது. அதை நினைத்து நான் வருத்தப்பட்டதே இல்லை. ஊர் முழுக்கச் சுற்றிய வீடியோவுக்குப் பதில் சொல்லும் விதமாக, உள்ளே வந்து பார்த்த நாலு பேரில் ஒருவர் தானாகவே நடந்ததை எழுதிப் போட்டிருந்தார். முதல் வீடியோ போன தூரத்தில் பாதிகூட அது போகவில்லை. அக்காவின் வேலைக்கு ஒன்றும் வரவில்லை, எங்களுக்கு அது போதும்.

கொடிகளை என்ன செய்வது என்பது பாக்கி இருந்தது. நானும் அக்காவும் அன்று சாயங்காலமே உட்கார்ந்து, கிழிந்தும் சாயம் போயும் இருந்தவற்றை ஒரு பக்கமும், நன்றாக இருந்தவற்றை இன்னொரு பக்கமும் பிரித்தோம். பழுதான கொடியை முழுசாக, மற்றவர் பார்வை படாமல், எரித்தோ மரியாதைக்குக் குறைவில்லாத வேறு முறையிலோ முடிக்க வேண்டும் என்பது விதி. சில நாள் கழித்து எஸ்.ஐ. தங்கள் முகாமில் அதற்கு ஏற்பாடு செய்தார். பருத்திக் கொடிகளை ஒவ்வொன்றாக எரித்தார்கள். மற்றவை பாலியெஸ்டர். பிளாஸ்டிக் எரிப்பவர்களுக்கு அபராதம் எழுதுகிற நானே அதைக் கொளுத்தச் சொல்ல முடியாது. மரப்பெட்டியில் வைத்து முகாமுக்குள்ளேயே ஒரு மூலையில் புதைத்தோம். போன்களை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசி வரை நின்றார்.

நன்றாக இருந்தவற்றை ஏதாவது பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கலாம் என்பது என் யோசனை. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

“வேண்டாம் சாரே. எந்த வீட்டுல ஏத்தினாங்களோ அங்கயே குடுப்போம். அடுத்த வருஷத்துக்கு அவங்களுக்கும் வேணும்தானே.”

வீடியோ வந்த மறுநாள் காலையிலேயே அவர் போகிற வழியில் நானும் ஸ்ரீவராகம் போனேன். இன்ஸ்பெக்டர் கூட வந்தால் வீட்டுக்காரர்கள் பயப்படுவார்கள், நீங்கள் பின்னால் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டார். கொடிகளை வீடுகளின் வரிசைப்படி ஒரு தட்டையான பலகையில் வைத்து, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடந்தார். போகும்போது கேட்டேன். எந்த வீடு என்று நேற்று ஏன் சொல்லவில்லை?

“சொன்னா அவங்களப் பிடிப்பாங்க. அவங்களுக்கும் யாரும் சொல்லிக் குடுக்கலயே சாரே. எனக்குத் தெரியாததுதான் அவங்களுக்கும் தெரியாது.” கொஞ்ச தூரம் நடந்தபிறகு, ஒரு வீட்டைக் கண்ணால் காட்டி, “அந்த வீட்டு சார் நேத்து கேட்டுல நின்னாரு. எந்த வீடுன்னு கேட்டுட்டு இருந்தாரு. அவருக்கு நெனப்பில்ல, பாவம்” என்றார்.

வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் அவர். அக்கா பெல் அடித்துவிட்டு, எப்போதும் பை வாங்குகிற இடத்திலேயே நின்றார். கதவைத் திறந்த பெரியவர், “இன்னிக்கு நம்மாத்துல குப்பை எடுக்கற நாள் இல்லையே?” என்றார். அக்கா மேலே இருந்த கொடியை எடுத்து நீட்டினார். உங்கள் வீட்டுக் கொடி, துவைத்து வைத்திருக்கிறேன், அடுத்த வருஷத்துக்கு ஆகும் என்று மட்டும் சொன்னார். முந்தின நாளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்த மனிதர் கொடியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பின்னால் நின்ற என்னையும் பார்த்தார். எல்லாம் அவருக்குப் புரிந்துவிட்டது. குப்பைப் பையைக் கதவிடுக்கு வழியாக ஒற்றைக் கையால் நீட்டிப் பழகியவர், படி இறங்கி வந்து இரண்டு கையாலும் கொடியை வாங்கிக்கொண்டார்.

“உள்ள வாங்கோ. ஒரு வாய் காப்பி சாப்பிட்டுட்டுப் போகலாம்” என்றார்.

“இருக்கட்டும் சாரே. இன்னும் எட்டு வீட்டுக்குக் குடுக்கணும்” என்று அக்கா திரும்பினார்.

தெருமுனை தாண்டியபோது தூறல் விழ ஆரம்பித்தது. நான் குடையை விரித்துக்கொண்டு வேகமாகப் போய் அக்காவின் தலைக்கு மேல் பிடித்தேன். அவர் நடையைக் குறைக்கவில்லை.

“எனக்கு வேண்டாம் சாரே” என்றார். “கொடிக்குப் பிடிங்க.”

அந்த எட்டு வீடும் முடியும்வரை பிடித்தேன்.